யாரும் செல்ஃபி எடுக்காத நட்சத்திரங்கள்!

கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் நம்மூர் அப்பா, அம்மாக்களுக்கு ஏதாவது ஒரு சனிக்கிழமை ‘ஹாலிவுட் டிரிப்’ கட்டாயம் உண்டு. காரை எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்தால் ஒரே கூட்டம். ஸ்பைடர்மேன் வேஷம் போட்டவர் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு காசு கேட்பார். மைக்கேல் ஜாக்சன் பெயர் பதித்த நட்சத்திரத்தைச் சுற்றிப் பத்து பேர் குனிந்து நிற்பார்கள். மர்லின் மன்றோவின் கைத்தடத்தில் அம்மா தன் கையை வைத்துப் பார்ப்பார். தூரத்து மலையில் வெள்ளை எழுத்தில் ஹாலிவுட் பலகை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். காரில் ஏறும்போது அப்பா கேட்பார்: “இவ்வளவுதானா?”

இன்னும் நிறைய இருக்கிறது. அதே தெருவில், அதே நடைபாதையில், கூட்டம் மிதித்துக்கொண்டு போகும் பெயர்களில் இருக்கிறது. நடிப்பில் யாருக்கும் குறையாதவர்கள், ஆனால் போஸ்டரில் பெயர் பெரிதாக வராதவர்கள் அவர்கள். சிலருக்கு நிறம் தடையாக இருந்தது. சிலர் எப்போதும் இரண்டாம் வரிசையிலேயே நிறுத்தப்பட்டார்கள். அவர்களைத் தேடி ஒரு நாள் சுற்றினால், ஹாலிவுட் யாரை எங்கே வைத்திருந்தது என்பதை அந்த ஊரின் மண்ணே சொல்லிவிடும்.

காலையில் ஹாலிவுட்டில் தொடங்கி, மாலையில் சாண்டா மோனிகா கடற்கரையில் முடிகிற பயணம் இது. போகலாமா?

நான்கு பெண்கள் தாங்கும் மண்டபம்

ஹாலிவுட் புலவார்டும் லா ப்ரியா அவென்யூவும் சந்திக்கும் முனையில் தொடங்குங்கள். எவர்சில்வர் போலப் பளபளக்கும் ஒரு சின்ன மண்டபம் அங்கே நிற்கிறது. 1994-ல் வைத்தது. நம் கோயில் மண்டபத் தூண்களில் சிற்பங்கள் இருப்பதைப் போல, இதன் நான்கு தூண்களுமே நான்கு நடிகைகள். மே வெஸ்ட், டோலோரஸ் டெல் ரியோ, டோரதி டான்ட்ரிட்ஜ், அன்னா மே வாங். கூரையைத் தலையில் தாங்கியபடி நிற்கிறார்கள். உச்சியில் மர்லின் மன்றோவின் சின்ன உருவம் ஒன்று இருந்தது. 2019-ல் யாரோ ஏறி அதை மட்டும் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திருடனுக்கும் மர்லினைத்தான் தெரிந்திருக்கிறது!

டோலோரஸ், மெக்சிகோவிலிருந்து வந்தவர். டோரதி, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அன்னா மே வாங், சீன வம்சாவளிப் பெற்றோருக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலேயே பிறந்தவர். இந்த மூன்றாமவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று முழுக்க அவர் நம்மோடு வரப்போகிறார்.

மண்டபத்தின் அருகில்தான் புகழ்பெற்ற நட்சத்திர நடைபாதை தொடங்குகிறது. ஹாலிவுட் புலவார்டிலும் அதைக் குறுக்கே வெட்டும் வைன் தெருவிலுமாக 2,700-க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். ஒவ்வொன்றிலும் பெயருக்குக் கீழே ஒரு சின்னம் இருக்கும். கேமரா இருந்தால் சினிமா, மைக் இருந்தால் வானொலி, இசைத்தட்டு இருந்தால் பாட்டு.

யானைப்பாகன் மகன்

கிழக்கே நடக்கத் தொடங்கியதும் கதவு எண் 7051 வாசலில் குனிந்து பாருங்கள். ஒற்றைச் சொல்லில் ஒரு பெயர்: சாபு.

மைசூர் சமஸ்தானத்தில் காராப்புராவில் பிறந்த யானைப்பாகன் மகன். மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் வளர்ந்த பையனை, ஆவணப்பட மேதை ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் படக்குழு கண்டெடுத்தது. 1937-ல் ‘எலிஃபன்ட் பாய்’ வெளியானபோது சாபுவுக்கு 13 வயது. அதன் பிறகு 1940-ல் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’, 1942-ல் ‘ஜங்கிள் புக்’. உலகம் திரையில் பார்த்த முதல் மௌக்ளி நம் பக்கத்து ஊர்ப் பையன்தான்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்தார். குண்டுவீச்சு விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கி வீரர். வீரப்பதக்கமும் வாங்கினார். திரும்பி வந்தவருக்கு ஹாலிவுட் என்ன கொடுத்தது? காடு, யானை, புலி, தலைப்பாகை. குழந்தை முகம் போய் ஆளான பிறகும் அதே வேடங்கள்தான், அதுவும் சின்னச் சின்னப் படங்களில். விதிவிலக்கு 1947-ல் பிரிட்டனில் எடுத்த ‘பிளாக் நார்சிஸஸ்’. இமயமலை மடத்துக்கு வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு படிக்க வரும் இளம் பிரபுவாக, கொஞ்சம் வெகுளி, கொஞ்சம் மிடுக்கு என்று கலக்கியிருப்பார். அந்தப் படத்தில் இந்தியப் பெண்ணாக நடித்தவர், தோலில் மாநிறம் பூசிய ஆங்கிலேய நடிகை ஜீன் சிம்மன்ஸ்.

1963-ல் மாரடைப்பால் சாபு இறந்தபோது வயது 39. இந்தப் பக்கம் வரும் இந்தியக் குடும்பங்கள் இந்த ஒரு நட்சத்திரத்திலாவது நின்றுவிட்டுப் போகலாம்.

முதல் ஆணி அவருடையது, தடம் மட்டும் இல்லை

அடுத்து, கூட்டம் மொய்க்கும் சைனீஸ் தியேட்டர். 1927-ல் திறந்தது. வாசல் சிமென்ட் தளத்தில் ஏறக்குறைய 200 நட்சத்திரங்களின் கைத்தடம், கால்தடம்.

இந்தத் தியேட்டர் வேலை தொடங்கியபோது ஒரு சடங்கு நடந்தது. நடிகை நார்மா டால்மட்ஜ் மண்வெட்டி பிடித்து முதல் மண்ணை எடுத்தார். கட்டடத்தின் இரும்புச் சட்டத்தில் முதல் ரிவெட் ஆணியை அடித்தவர் அன்னா மே வாங். சீனப் பாணித் தியேட்டர் என்பதால், விழாவுக்குச் சீன முகம் ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. ஆனால், தடம் பதிக்க மட்டும் அவரை யாரும் அழைக்கவில்லை. வாசல் முழுக்கத் தேடினாலும் அவர் கை அங்கே கிடையாது.

அன்னாவின் அப்பா சலவைக்கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, தெருவில் நடக்கும் ஷூட்டிங்கை வேடிக்கை பார்த்த சிறுமி 17 வயதில் கதாநாயகியானார். படம் ‘தி டால் ஆஃப் தி சீ’, 1922. ஆரம்பகால டெக்னிகலர் படங்களில் ஒன்று. மௌனப் படம் என்றாலே கையை ஆட்டி, கண்ணை உருட்டி நடிப்பார்கள் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். குழந்தையைப் பிரியும் காட்சியில் அந்தப் பெண் முகத்தில் எதையும் கூட்டிச் செய்யவில்லை. நூறு ஆண்டு கழித்தும் பார்க்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது.

இருந்தும் ஹாலிவுட் கொடுத்தவை இரண்டே அச்சுகள். ஒன்று, காதலனுக்காக உயிரை விடும் அப்பாவிப் பெண். இன்னொன்று, கத்தியை மறைத்துவைத்திருக்கும் சூழ்ச்சிக்காரி. இரண்டிலுமே கடைசி ரீலில் செத்துவிட வேண்டும். வெள்ளைக்கார நாயகனுக்கு முத்தம் கொடுத்துச் சுபம் போட முடியாது. கலப்பு மணமே கலிஃபோர்னியாவில் 1948 வரை சட்டப்படி செல்லாது.

அலுத்துப்போய் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். லண்டனில் எடுத்த ‘பிக்காடில்லி’ (1929) படத்தில், ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற பெண் மேஜைமேல் ஏறி ஆடுவார். அந்த ஒரு காட்சிக்கே படம் பார்க்கலாம்.

பெரிய அடி பிறகுதான் விழுந்தது. சீன விவசாயக் குடும்பத்தின் கதையான ‘தி குட் எர்த்’தை எம்.ஜி.எம் எடுத்தபோது, நாயகி ஓ-லான் வேடத்துக்கு அன்னாவைவிடப் பொருத்தமானவர் யார்? ஆனால், நாயகனாக வெள்ளைக்காரரான பால் முனி. அவருக்கு மனைவியாகச் சீனப் பெண்ணைப் போடத் தயாரிப்பாளர்கள் துணியவில்லை. ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர், சீனப் பெண்ணாக மேக்கப் போட்டு நடித்து ஆஸ்கரும் வாங்கினார். அன்னாவுக்கு நீட்டியது குடும்பத்தைக் கெடுக்கும் சின்னவீட்டு வேடம். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு, 1936-ல் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். முன்னோர்களின் நாட்டை முதன்முதலாகப் பார்க்க.

தியேட்டர் வாசலை விட்டு நகரும் முன், மைக்கேல் ஜாக்சன் நட்சத்திரத்துக்குச் சில அடிகள் மேற்கே, எண் 6933 வாசலில் பாருங்கள். ஹேட்டி மெக்டேனியல். சின்னம், மைக். வானொலிக்காகக் கொடுத்தது. இவரும் நம்மோடு கடைசிவரை வருவார்.

ஆறு முறை கைதட்டிவிட்டு வந்தவர்

நடைபாதையிலேயே கிழக்கே போனால் வைன் தெரு முனையைத் தாண்டியதும் பான்டேஜஸ் தியேட்டர். 1930-ல் திறந்த, தங்கம் இழைத்தது போன்ற கூரை கொண்ட அரண்மனை. இப்போது இசை நாடகங்கள் நடக்கின்றன. 1950-களில் ஆஸ்கர் விழா நடந்தது இங்கேதான்.

தெல்மா ரிட்டர் என்ற பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முகம் தெரியும். ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’வில், கால் உடைந்து உட்கார்ந்திருக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு மசாஜ் செய்துகொண்டே வெடுக் வெடுக்கென்று புத்தி சொல்லும் நர்ஸ் அம்மா. அவர்தான்.

நியூயார்க்கின் புரூக்ளின்காரர். நாடகம், வானொலி, பிள்ளை வளர்ப்பு எல்லாம் பார்த்துவிட்டு, 45 வயதில் சினிமாவில் முதல் வேடம். 1947-ல் வந்த ‘மிராக்கிள் ஆன் 34-த் ஸ்ட்ரீட்’. கடையில் பொம்மை தேடி அலுத்துப்போன ஒரு தாய். டைட்டிலில் பெயர்கூட வரவில்லை. மூன்றே ஆண்டுகளில் ‘ஆல் அபவுட் ஈவ்’ படத்துக்குத் துணை நடிகை ஆஸ்கர் பரிந்துரை. அடுத்தடுத்து மேலும் மூன்று ஆண்டுகள், பிறகு 1959, 1962 படங்களுக்கு என மொத்தம் ஆறு பரிந்துரைகள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்த ஆறில் ஐந்து ஏமாற்றங்கள் இந்தப் பான்டேஜஸ் கூரைக்குக் கீழே அறிவிக்கப்பட்டவை. 1955-ல் விழாவைத் தொகுத்து வழங்கும் வேலையையும் கொடுத்தார்கள். நியூயார்க் மேடையில் நின்று அதையும் செய்துகொடுத்தார்.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருந்தால் ‘பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ (1953) பாருங்கள். போலீஸுக்கும் திருடர்களுக்கும் துப்பு விற்றுக் காசு சேர்க்கும் மோ என்ற வயதான பெண். எதற்காகச் சேர்க்கிறாள்? செத்தால் அநாதைப் பிணமாகப் புதைத்துவிடக் கூடாது, தன் பெயரில் ஒரு கல்லறை இடம் வாங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இரவு அறைக்குத் திரும்பி, கால் வலியோடு கட்டிலில் சாய்ந்து, வாசலில் வந்து நிற்கும் எமனிடம் ‘போதும்’ என்கிற மாதிரி பேசுவார் பாருங்கள். நாயகன், நாயகி, கதை எல்லாம் மறந்துபோய் அந்த ஐந்து நிமிடம் மட்டும் மனதில் தங்கும். குணச்சித்திர நடிப்பு என்றால் அதுதான்.

வைன் தெருவில் ஒரு சேலம் சங்கதி

பான்டேஜஸுக்கு எதிரே ‘ஹாலிவுட்/வைன்’ மெட்ரோ நிலையம். அதன் கூரை முழுக்கப் பழைய ஃபிலிம் சுருள் தட்டுகளை ஒட்டிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காட்டலாம். வைன் தெருவுக்குள் திரும்பினால் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும். நமக்கு வேண்டியவர்கள் இங்கேதான் அதிகம்.

எண் 1645-ல் செசூ ஹயகாவா. ஜப்பான்காரர். 1915-ல் ‘தி சீட்’ படத்தில் வில்லனாக வந்து, நாயகனைவிட அதிகமாக ரசிகைகளைச் சம்பாதித்தவர். 1918-ல் சொந்தப் படக் கம்பெனி தொடங்கினார். இங்கிருந்து நடக்கும் தூரத்தில் கோட்டை மாதிரி வீடு. அந்த வீடு இப்போது இல்லை. 1920-களில் ஆசியர்களுக்கு எதிரான வெறுப்பு முற்றியதும் ஊரைவிட்டுக் கிளம்பினார். உலகம் அவரை மறுபடி பார்த்தது 1957-ல், ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தில், ஜப்பானிய முகாம் தளபதியாக. இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றில் பாலம் கட்டி எடுத்த படம். அந்த சயாம் ரயில்பாதையில் நிஜமாகவே மாண்டவர்களில், மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். படத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. மறக்கப்பட்டவர்கள் திரையில் மட்டுமா இருக்கிறார்கள்!

வைன் தெருவிலேயே மேரி வின்ட்சரின் நட்சத்திரமும் உண்டு. ‘பி படங்களின் ராணி’ என்று பெயர். அதாவது, பெரிய படத்தோடு இலவச இணைப்பு போல ஓட்டும் சின்ன பட்ஜெட் படங்கள். சராசரி நாயகர்களைவிட உயரம் என்பதே அவருக்குப் பிரச்னையாக இருந்தது. ‘தி நேரோ மார்ஜின்’ (1952) என்ற ரயில் த்ரில்லரில் வாயாடி விதவையாகவும், ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி கில்லிங்’ (1956) படத்தில் கணவனை விரல்நுனியில் ஆட்டும் மனைவியாகவும் வந்து தீயைப் பற்றவைத்திருப்பார்.

இவருக்கும் நமக்கும் ஓர் ஒட்டுறவு உண்டு. எம்.ஜி.ஆரை அறிமுகப்படுத்திய இயக்குநர் எல்லிஸ் ஆர்.டங்கனும் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் கைகோத்து ‘தி ஜங்கிள்’ என்ற படத்தை 1952-ல் இந்தியாவில் எடுத்தார்கள். தமிழில் ‘காடு’. அதில் இளவரசியாக வந்தவர் இந்த மேரி வின்ட்சர். உடன் நடித்தவர்களில் ஒருவர் நம் எம்.என்.நம்பியார்!

இனி வைன் தெருவில் கொஞ்சம் வடக்கே வாருங்கள். எண் 1708-ல் அன்னா மே வாங். தெருவுக்கு எதிர்ப்பக்கம், எண் 1719-ல் ஹேட்டி மெக்டேனியலின் இரண்டாவது நட்சத்திரம். இது சினிமாவுக்கு. இருவரும் எதிரெதிரே. இந்த நெருக்கம் இங்கேயே முடிந்துவிடவில்லை.

மயில் உலவும் கல்லறைத் தோட்டம்

சாண்டா மோனிகா புலவார்டில் இருக்கிறது ‘ஹாலிவுட் ஃபாரெவர்’ கல்லறைத் தோட்டம். கல்லறைக்குச் சுற்றுலாவா என்று தயங்க வேண்டாம். புல்வெளி, ஏரி, பனை மரங்கள், நடுவே தோகையை இழுத்துக்கொண்டு நடக்கும் மயில்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாரமவுன்ட் ஸ்டுடியோ. கோடை இரவுகளில் புல்வெளியில் பாய் விரித்துப் பழைய படம் பார்க்கிறார்கள்.

ஏரிக்கரையில் வெள்ளைப் பளிங்கில் ஒரு பெரிய சமாதி. வாசலில் ‘டூரஸ்’ என்றிருக்கும். மேரியன் டேவிஸின் குடும்பப் பெயர் அது. பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டின் காதலி. ‘சிட்டிஸன் கேன்’ (1941) படத்தில் கோடீஸ்வரர் ஒருவர், திறமையில்லாத பாடகியை வம்படியாக மேடையேற்றுவார் அல்லவா? அந்தப் பாத்திரம் மேரியன்தான் என்று ஊரே முடிவுகட்டியது. உண்மையில், மேரியன் முதல்தரமான நகைச்சுவை நடிகை. ‘தி பேட்ஸி’, ‘ஷோ பீப்பிள்’ இரண்டும் 1928-ல் வந்தவை. அன்றைய பெரிய நடிகைகளை ஒவ்வொருவராக அவர் மிமிக்ரி செய்யும் காட்சிக்கு இன்றைக்கும் குழந்தைகள் சிரிப்பார்கள். ஹெர்ஸ்டுக்கு மட்டும் அவரைச் சரித்திரப் படங்களில் கனத்த உடையோடு பார்க்கத்தான் ஆசை. காதலனின் பணம் அவரை உயர்த்தியது, காதலனின் ரசனையே அவரைப் புதைத்தது. பிற்பாடு மேரியனின் சுயசரிதைக்கு முன்னுரை எழுதிய ஆர்சன் வெல்ஸே, அந்தப் பாத்திரம் வேறு, மேரியன் வேறு என்று எழுத வேண்டியிருந்தது.

அதே ஏரிக்கரையில் இன்னொரு கல். ஹேட்டி மெக்டேனியல் நினைவாக 1999-ல் வைத்தது. கல்லுக்குக் கீழே யாரும் இல்லை. தன்னை இந்தத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று ஹேட்டி உயில் எழுதியிருந்தார். 1952-ல் அவர் இறந்தபோது நிர்வாகம் மறுத்துவிட்டது. வெள்ளையர்களுக்கு மட்டுமான இடமாம். 47 ஆண்டுகளுக்குப் பிறகு புதிய நிர்வாகம் மனம்மாறி அழைத்தபோது, அடங்கியவரைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்று குடும்பத்தினர் சொல்லிவிட்டார்கள். அதனால் பெயர் மட்டும் இங்கே.

துப்பு விற்றுக் கல்லறைக்குக் காசு சேர்த்தாளே மோ, அவள் ஞாபகம் வருகிறதா?

சுவரோரத்து மேஜை

காரில் தெற்கே போனால் வில்ஷயர் புலவார்டில் ராபர்ட் கென்னடி பெயரில் பெரிய பள்ளி வளாகம். அங்கேதான் அம்பாசடர் ஹோட்டல் இருந்தது. 2005 – 2006 வாக்கில் இடித்துவிட்டார்கள். ஹோட்டலின் ‘கோகனட் குரோவ்’ அரங்கு இருந்த இடத்தில், அதே சாயலில் பள்ளிக்கு ஓர் அரங்கம் கட்டியிருக்கிறார்கள். பள்ளி என்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.

1940, பிப்ரவரி 29. ஆஸ்கர் இரவு. ‘கான் வித் தி விண்ட்’ படத்தில் மம்மி என்ற பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி, துணை நடிகைக்கான பரிந்துரையில் இருந்தார். அதே படத்தின் ஒலிவியா டி ஹாவிலண்டும் போட்டியில். கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஹோட்டல் அது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தனியாகச் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. படக்குழுவினர் பெரிய மேஜையில். ஹேட்டிக்குச் சுவரோரமாகச் சின்ன மேஜை. அங்கிருந்து எழுந்து போய்த்தான், ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் என்ற சரித்திரத்தைப் படைத்தார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, அட்லான்டா நகரில் நடந்த படத்தின் முதல் காட்சிக்குக்கூட அவரால் போக முடியவில்லை. அங்கே அதற்கும் நிறத்தடை.

ஹேட்டியின் அப்பா அடிமையாகப் பிறந்தவர். மகள் வாழ்நாள் முழுக்கப் பணிப்பெண் வேடம் போட்டார். சொந்தச் சமூகத்திலேயே அதற்குக் கண்டனம் வந்தது. ஆனால், கொடுத்த வேடத்துக்குள் அவர் என்ன செய்தார் என்று ‘ஆலிஸ் ஆடம்ஸ்’ (1935) படத்தில் பார்க்கலாம். பணக்கார விருந்தாளி வந்திருக்கிறார். வாடகைக்கு அமர்த்திய பணிப்பெண் ஹேட்டி. தலைத்தொப்பி சரிய, வேண்டாவெறுப்பாகப் பரிமாறிக்கொண்டு வருவார். வசனம் சொற்பம். அந்தக் குடும்பத்தின் போலிப் பகட்டு மொத்தமும் அவர் நடையில் கிழிந்து தொங்கும்.

நடிப்புக்காக அடுத்த கறுப்பினப் பெண் ஆஸ்கர் வாங்க 51 ஆண்டுகள் ஆயின. ஹேட்டி, தன் விருதை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். அது அங்கிருந்து எப்படியோ காணாமல் போனது. 2023-ல் அகாடமி புதிதாக ஒன்று செய்து கொடுத்தது.

ஒரே மண்ணில் இருவர்

வாஷிங்டன் புலவார்டில் இருக்கிறது ஏஞ்சலஸ் ரோஸ்டேல் கல்லறைத் தோட்டம். 1884-ல் தொடங்கியது. இனம், மதம் பார்க்காமல் எல்லோரையும் ஏற்றுக்கொண்ட முதல் கல்லறைத் தோட்டம் இந்த நகரத்தில் இதுதான். மயில் இல்லை, வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இல்லை.

ஹாலிவுட் மறுத்த ஹேட்டி இங்கேதான் அடங்கியிருக்கிறார். அதே தோட்டத்தில் அன்னா மே வாங்கும். வைன் தெருவில் எதிரெதிரே இருந்தவர்கள், இங்கே ஒரே மண்ணில்.

அன்னாவின் கல்லைக் கண்டுபிடிப்பது சுலபம் இல்லை. அவர் பெயர் ஆங்கிலத்தில் கிடையாது. 1961-ல் இறந்த அவருடைய அஸ்தி, அம்மாவின் கல்லறையில் வைக்கப்பட்டது. கல்லில் அம்மாவின் பெயர் ஆங்கிலத்தில். வலப்பக்க ஓரத்தில் அன்னாவின் பெயரும், இடப்பக்கம் இளம்வயதில் இறந்த தங்கை மேரியின் பெயரும் சீன எழுத்தில். சீனம் படிக்கத் தெரியாத ரசிகர் பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது. சினிமாவுக்காக வைத்துக்கொண்ட பெயர் இல்லாமல், அம்மாவுக்கு மகளாக மட்டும் இருக்கிறார்.

ஆனால், ஒரு விஷயம். மகன் காரில் சில்லறை போட்டுவைக்கும் குழியில் 25 சென்ட் நாணயங்களைப் புரட்டிப் பாருங்கள். நெற்றியில் கத்தரித்த முடியும், கன்னத்தில் கைவைத்த முகமுமாக ஒரு பெண் இருந்தால், அது இவர்தான். 2022-ல் வெளியிட்டார்கள். அமெரிக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் துணி துவைக்கும் மெஷினுக்குப் போடுவது பெரும்பாலும் இந்த 25 சென்ட் காசைத்தான். சலவைக்காரர் மகளுக்கு இது பொருத்தமான இடம்தான்!

கடலுக்குப் போகும் சாலை

அங்கிருந்து 10-ம் எண் நெடுஞ்சாலை நேராகக் கடலுக்குப் போகிறது. ஏறிய சிறிது நேரத்திலேயே ‘சுகர் ஹில்’ பகுதியைக் கடப்பீர்கள். பலகை எதுவும் இருக்காது. ஹேட்டி வீடு வாங்கிய இடம். ‘வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது’ என்ற பத்திர நிபந்தனையைக் காட்டி அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். ஹேட்டியும் மற்ற கறுப்பினக் குடும்பங்களும் எதிர்த்து நின்று 1945-ல் ஜெயித்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனைகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே. பிறகு, இந்த நெடுஞ்சாலை அந்தக் குடியிருப்பின் நடுவே போடப்பட்டது.

சாலை முடியும் சாண்டா மோனிகாவில் ‘அனென்பெர்க் கம்யூனிட்டி பீச் ஹவுஸ்’ என்று கேளுங்கள். மேரியன் டேவிஸுக்காக ஹெர்ஸ்ட் கட்டிய, 100-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட மாளிகை இருந்த இடம். மாளிகை போய்விட்டது. விருந்தினர் வீடும், ஓடு பதித்த நீச்சல் குளமும் மிச்சம். 2009 முதல் பொதுமக்களுக்கானது. ஒரு காலத்தில் நட்சத்திரங்கள் மட்டும் குளித்த குளத்தில், கோடையில் கட்டணம் செலுத்தி எந்தக் குழந்தையும் குதிக்கலாம். மணலில் உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பாருங்கள். அப்பா இந்த முறை ‘இவ்வளவுதானா?’ என்று கேட்க மாட்டார்.

போகிறவர்களுக்கு...

* ஹாலிவுட் புலவார்டு, வைன் தெருப் பகுதியை மெட்ரோவில் போய் நடந்தே முடித்துவிடலாம். சுமார் 2 கிலோமீட்டர். தொப்பி, தண்ணீர் அவசியம். மற்ற இடங்களுக்குக் கார் வேண்டும்.

* இரண்டு கல்லறைத் தோட்டங்களிலும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள். அலுவலகத்தில் பெயர் சொல்லிக் கேட்டால் கல்லறை இருக்கும் பகுதியைக் காட்டுவார்கள். அடக்கச் சடங்கு நடந்தால் ஒதுங்கிச் செல்லுங்கள்.

* போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்க ஐந்து படங்கள்: ‘தி டால் ஆஃப் தி சீ’ (அன்னா), ‘ஷோ பீப்பிள்’ (மேரியன்), ‘ஆலிஸ் ஆடம்ஸ்’ (ஹேட்டி), ‘பிளாக் நார்சிஸஸ்’ (சாபு), ‘பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ (தெல்மா). காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மௌனப் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. படம் முடிந்ததும் டைட்டிலில் மூன்றாவது, நான்காவதாக வரும் பெயரையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.